மேலூரில் உறைபனி

செவ்வாய்க்கிழமை நான் சவரம் செய்வதில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. காரணம் கேட்டால் எனக்குத் தெரியாது. மதுரை செல்லூரில் எங்கள் சந்தில் எந்த ஆம்பளையும் அந்த இரண்டு நாளும் ரேசரைத் தொட மாட்டான். சலூன்காரரே செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிடுவார். நான் சாமி கும்பிடுகிறவன்கூட இல்லை. ஆனாலும் முப்பத்தைந்து வயதுவரை இப்படியே இருந்துவிட்டேன். கனடாவில் கல்கரி நகரத்துக்கு வந்து, சமையலறை மேடைக்கல் அறுக்கும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மேற்பார்வையாளர் டேல் என்னை வாசலிலேயே நிறுத்தினார். என் தாடையை உற்றுப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் ரேசர் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நேற்றுதான் எடுத்தேன்" என்றேன்.

"அது நேற்று" என்றார்.

"இன்று செவ்வாய்க்கிழமை" என்றேன். அதைச் சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டேன். மதுரையில் போதும்.

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "ஆமாம், செவ்வாய்தான்" என்று உறுதி செய்தார். கிழமை தெரியாமல் கேட்கிறேன் என்று எண்ணிக்கொண்டார் போல. பிறகு கொஞ்சம் யோசித்து, மத வழக்கமா என்று கேட்டார். அப்படியென்றால் எழுதிக் கொடு, தலை முழுவதும் மூடி உள்ளே காற்றை ஊதும் வேறு வகைக் கவசம் தருகிறோம், முகமயிர் இருந்தாலும் பரவாயில்லை என்றார். எந்த மதம் என்று எழுதுவது? மதம் இல்லை, செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. குறை சொல்ல முடியாது, எனக்கே புரியவில்லை. கழிவறைக்குப் போய்த் தண்ணீரை மட்டும் தொட்டு வறட்டு வறட்டென்று சிரைத்துக்கொண்டு வந்தேன். எட்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது செவ்வாயும் வெள்ளியும் ஞாயிறும் எனக்கு ஒன்றுதான்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று அன்றைக்கே காட்டினார்கள். கல் தூசிக்கு எதிராக நாங்கள் போடுவது ரப்பர் முகமூடி. அது முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். ஒருநாள் மயிர் இருந்தால் ரப்பருக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விழும். முகமூடியைப் போடவைத்து, தலைக்கு மேல் ஒரு பையைக் கவிழ்த்து, உள்ளே கசப்புத் தண்ணீரைப் புகையாக அடிப்பார்கள். நாக்கில் கசந்தால் முகமூடி பொருந்தவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு வேப்பங்கொழுந்தை மென்ற மாதிரி கசந்தது. "இப்போது நீ குடித்தது தூசி என்று வைத்துக்கொள்" என்றார் டேல். நான் தலையாட்டினேன். மதுரை ஆட்டம் அது, ஆமாம் என்று அர்த்தம். அவர் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை அடித்தார்.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. இங்கே எல்லாம் சுத்தம், அங்கே எல்லாம் அழுக்கு என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இங்கேயும் பத்துப் பேர் வேலையை ஆறு பேரிடம் வாங்குகிறார்கள். இங்கேயும் சில பட்டறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு காய்ந்த கல்லை அறுக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. என் கையெழுத்தைப் பற்றியது.

ஒரு வருடம் மெருகு போட்டேன். பிறகு டேல் என் கையில் எழுதும் அட்டையைக் கொடுத்தார். ஊரில் ஏழு வருடம் இதே வேலை செய்திருக்கிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன், அதைப் பார்த்துக் கொடுத்தார். ஹஸார்ட் அசெஸ்மென்ட், ஆபத்து மதிப்பீடு என்பார்கள். பட்டறையில் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் நின்று பார்க்க வேண்டும். அதில் உடம்புக்கு என்ன ஆபத்து, அதைத் தடுக்க என்ன செய்திருக்கிறோம், அதையும் மீறி மிச்சமிருக்கும் ஆபத்துக்கு வேலையாள் எதை அணிய வேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். மேலே இடம், தேதி. அடியில், இதை நேரில் பார்த்து உறுதி செய்கிறேன் என்ற வரி. அதன் கீழே பெயர், கையெழுத்து.

டேல் இரண்டு விதி வைத்திருந்தார். ஒன்று, உட்கார்ந்துகொண்டு எழுதக் கூடாது. பேனாவை நூலால் அட்டையில் கட்டியிருப்பார். மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடிதான் எழுத வேண்டும். இரண்டாவது, தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது என்னவென்று பிறகு வருகிறவனுக்குப் படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். முதல்நாள் நான் பழக்கதோஷத்தில் வெள்ளை மை கேட்டேன். "அது எதற்கு?" என்று கேட்டார்.

மேலூரில் வெள்ளை மை பாட்டில் பாட்டிலாகத் தீரும். ஆபீஸ் தாள்களில் தேதியை மாற்றுவதற்கு.

மேலூர் பக்கம் ஒரு கிரானைட் மெருகுப் பட்டறையில் நான் ஆபீஸ் கிளார்க். செல்லூரிலிருந்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு போய், அங்கிருந்து இன்னொரு பஸ். எங்கள் சந்தில் இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடும், எங்கள் அப்பாவும் தறியில்தான் இருந்தார், இரைச்சலில் பிறந்து வளர்ந்த காது எனக்கு. அதனால் பட்டறைச் சத்தம் பெரிதாகத் தெரியவில்லை. தூசி தெரிந்தது. பெரிய ரம்பத்துக்குத் தண்ணீர் விடுவார்கள், இல்லாவிட்டால் பிளேடு போய்விடும். ஓரம் தேய்க்கும் கைமெஷின்காரர்களுக்குத் தண்ணீர் கிடையாது. சித்திரை, வைகாசியில் போர்வெல் வற்றிவிடும், லாரித் தண்ணீர் ரம்பத்துக்கே பத்தாது. மீதி மாதங்களில் தண்ணீர் இருக்கும். அப்போதும் காய்ந்த கல்லில்தான் தேய்த்தார்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று முதலாளி பழக்கிவிட்டார். சாயங்காலம் ஓரம் தேய்க்கிற ஆட்கள் எழுந்து வரும்போது தலை, புருவம், இமை எல்லாம் வெள்ளையாக இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ரைஸ்மில்லில் வேலையா என்று கேட்பார்கள்.

முகத்துக்கு நனைத்த துண்டு. நெஞ்சுக்கு வெல்லம். வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு அச்சு வெல்லம் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பட்டறையின் சட்டம். தொண்டையில் படிந்த தூசியை வெல்லம் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். ஒருநாள் வெல்லம் வராமல்போனால் சண்டை வரும். முகமூடி வராததற்கு ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

அந்த ஓரம் தேய்க்கிற ஆட்களில் கெட்டிக்காரன் அழகர். மேலூருக்குப் பக்கத்துக் கிராமம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். அவன் பெண்சாதி பாண்டியம்மா என்னை அண்ணே என்று கூப்பிடப்போக, நானும் அழகரும் ஒருவருக்கொருவர் மாப்ள ஆகிவிட்டோம். முதலாளி பக்கத்தில் இருந்தால் மட்டும் அவன் என்னை சார் என்பான். மத்தியானம் என் மேஜைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிடுவான். சாப்பிடும்போதே இருமுவான்.

"மாப்ள, நான் செத்தா எரிச்சுராதீக. அப்படியே நட்டு வச்சிருங்க. உள்ள அம்புட்டும் கல்லுதேன். மெருகு மட்டும் போட்டாப் போதும்" என்பான்.

"போடா, உன்னய எவன் தூக்குறது?"

"கிரேன் இருக்குல்ல?"

சிரிப்போம். சிரிப்பு முடிந்த பிறகும் அவன் இருமல் ஓடிக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டில் கல் வாங்குகிற கம்பெனி ஒன்று அந்தப் படிவத்தை அனுப்பியது. பட்டறையில் என்னென்ன ஆபத்து, என்னென்ன கவசம் கொடுக்கிறீர்கள், எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் கல் எடுப்போம் என்றார்கள். முதலாளி அதை என் மேஜையில் போட்டார். இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"என்னப்பா இது, கட்டம் கட்டமாப் போட்டு அனுப்பிருக்கான்?"

"என்னென்ன ஆபத்து இருக்குன்னு எழுதணுமாம் சார்."

"இருக்குன்னு எழுதுனா கல்லு வாங்குவானா? இல்லன்னு எழுது."

"எல்லாத்துக்கும் இல்லன்னு எழுதுனா நம்ப மாட்டான் சார்."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒண்ணு ரெண்டு இருக்குன்னு எழுது. ஆள் சாகாத ஆபத்தாப் பாத்து எழுது."

நான் பட்டறைக்குள் போகவில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, யாரோ ஏதோ ஒரு நாட்டில் எழுதி இன்டர்நெட்டில் போட்டிருந்த படிவம் ஒன்றை எடுத்து, பெயரை மட்டும் மாற்றினேன். தூசி என்ற கட்டத்தில் இல்லை என்று போட்டேன். எல்லா வேலையும் தண்ணீர் விட்டே நடக்கிறது, எல்லாருக்கும் முகமூடி கொடுத்திருக்கிறோம் என்று எழுதினேன். ஆள் சாகாத ஆபத்தாக, வழுக்கி விழுதல் என்று ஒரு வரி இருந்தது. அதை உண்டு என்று விட்டுவிட்டேன். நேரில் பார்த்து உறுதி செய்கிறேன் என்ற வரிக்குக் கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அரைமணி நேர வேலை. அடுத்த ஆறு வருடமும் அதே தாளில் தேதியை வெள்ளை மையால் மறைத்துப் புதிதாக எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, கையெழுத்தை மட்டும் புதிதாகப் போட்டேன். அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். கல் கப்பலில் போனது.

முகமூடி வாங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு டஜன் வாங்கினோம். நல்ல ரப்பர் முகமூடி, இங்கே நான் போடுகிற அதே வகை. பிளாஸ்டிக் உறையோடு ஆபீஸ் பீரோவில் இருந்தது. வருடத்துக்கு ஒருநாள் வெளியே வரும். ஆயுத பூஜைக்கு. கைமெஷின், ரம்பம், சுத்தியல், லாரிச் சாவி, கணக்குநோட்டு எல்லாவற்றையும் அடுக்கும்போது முகமூடிகளையும் உறையோடு வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, மறுநாள் மறுபடியும் பீரோவுக்குள். பொரியும் கடலையும் வேட்டியும் வாங்க ஆட்கள் வரிசையில் வரும்போது நான் ஒரு தாளை நீட்டுவேன். கையெழுத்துப் போடுவார்கள். தாளின் தலைப்பில் முகமூடி பெற்றுக்கொண்டேன் என்று இங்கிலீஷில் இருக்கும். அவர்கள் போட்டது பொரிக்கு.

ஒன்றையாவது பிரித்துக் கொடுக்கலாமே என்று ஒரு தடவை கேட்டேன். இந்த வெயிலில் எவன் போடுவான் என்றார் முதலாளி. இருக்கலாம். கொடுத்துப் பார்க்கவே இல்லையே.

பிறகு என் மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. வந்துவிட்டோம்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாண்டியம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். ஊரில் அப்போது விளக்கு வைத்து முடித்த நேரம். நலம் விசாரித்தாள். பிறகு மூச்சுவிடாமல் பேசினாள்.

"ரெண்டு வருசமா டீபி மாத்திரை திங்கிறாருண்ணே. கேக்கல. பத்தடி நடந்தா உக்காந்துக்கிறாரு. இப்பப் பெரியாஸ்பத்திரில படம் புடிச்சுப் பாத்துட்டு, இது டீபி மாதிரி தெரியல, கல்தூசி மாதிரி இருக்கு, வேல பாத்த எடத்துல தூசி இருந்துச்சுன்னு எழுத்து வாங்கியாங்கன்னு சொன்னாக. லேபர் ஆபீசுல மனு குடுத்தோம். கம்பெனிக்காரக பதிலுக்கு ஒரு தாளக் குடுத்துருக்காக. அதுல அடியில உங்க பேரு இருக்குண்ணே. உங்க பேரப் பாத்தோடனதேன் எனக்கு உசுரே வந்துச்சு."

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் என் கல்யாணப் பத்திரிகையில் பார்த்திருந்ததால் என் பெயர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தது.

அவளுக்கு வேண்டியது அந்த எழுத்து மட்டும்தான். மகள் வயிற்றுப் பேரன் பிறந்து எட்டு மாதம். டீபி என்று கேள்விப்பட்டதிலிருந்து சம்பந்தி வீட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. அழகர் அவனைப் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். அடுத்த மாதம் அழகர்கோயிலில் மொட்டையெடுத்துக் காதுகுத்து. தாத்தா வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒட்டுற சீக்குன்னு நெனைக்கிறாகண்ணே. வீட்டுக்குள்ளயே அவருக்குத் தட்டு வேற, டம்ளர் வேற. கல்தூசின்னா ஒட்டாதாமுல்ல? அந்தத் தாள்ல என்ன எழுதிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க. நீங்க எழுதுனதுன்னா நல்லதாத்தான இருக்கும்."

படம் அனுப்பினாள். நான் கடைசியாகப் போட்ட ஏழாவது தாள். வெள்ளை மைத் திட்டுகூட ஜெராக்ஸில் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. நான் வாசித்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

"ஓரம் தேய்த்தல். தூசி... இல்லை."

"இல்லன்னா?"

"தூசி இல்லன்னு எழுதிருக்கு."

"யாரு எழுதிருக்கா?"

"நான்தான்."

அந்தப் பக்கம் டிவியை அணைத்தாள். பிறகு, "மேக்கொண்டு வாசிங்க" என்றாள்.

"முகமூடி எல்லாருக்கும் குடுத்தாச்சு. எல்லா வேலையும் தண்ணி விட்டுத்தான் நடக்குது." அடுத்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட நான் முழுதாகப் படிக்காத வரி அது. "வழுக்கி விழுதல், உண்டு. முற்றத்தில் உறைபனி படிவதால். பனிக்காலணி வழங்கப்பட்டுள்ளது."

"என்னது படியுது?"

"ஐசு. தரையில ஐசு படிஞ்சு வழுக்குமாம்."

"எங்க?"

"மேலூர்ல."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சரிண்ணே" என்று வைத்துவிட்டாள்.

எந்தக் குளிர்தேசத்துப் படிவத்தைக் காப்பி அடித்தேனோ, அந்தத் தேசத்துப் பனியோடு அப்படியே இறக்கியிருக்கிறேன். வழுக்குதல் என்ற சொல்லைப் பார்த்தவன் அதன் பக்கத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. சரி, நான் அயோக்கியன். கல் வாங்கினவன்? அவன் ஊரில் பனி பெய்யும், அவனுக்குத் தெரியாதா? முதலாளி படிக்கவில்லை, வாங்கினவன் படிக்கவில்லை, லேபர் ஆபீசில் முத்திரை குத்தினவரும் படிக்கவில்லை. ஏழு வருடத் தாளை முதன்முதலில் முழுசாகக் கேட்டவள் இங்கிலீஷ் தெரியாத பாண்டியம்மா.

இரண்டு வாரம் ஒன்றும் செய்யவில்லை. அழவில்லை, தூக்கம் கெடவில்லை. வேலைக்குப் போனேன், அட்டையைப் பிடித்துக்கொண்டு மெஷின் மெஷினாக நின்றேன், எழுதினேன். காதுகுத்துக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது, அதுவும் எனக்குத் தெரியும். பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி இருந்தேன். தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை. பயம் மட்டும் இருந்தது. பாதுகாப்பு அலுவலர் வேலைக்கு அப்போதுதான் விண்ணப்பித்திருந்தேன். அதில் அனுபவம் என்ற இடத்தில் அதே மேலூர், அதே ஏழு வருடம். அழகருக்காக உண்மையை எழுதினால் அந்த ஏழு வருடமும் பொய் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். மனைவியிடம் சொன்னேன். "நானும் தினமும் மூச்சு முட்டுற ஆளுகளத்தான் பாக்குறேன். எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினாள்.

பழைய போனில் ஆயுத பூஜைப் படங்கள் இருந்தன. வருடத்துக்கு ஒன்று எடுப்பேன். முதல் வருடப் படத்தில் முகமூடி உறை ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு. அடுத்ததில் பழைய பொட்டு மங்கி, பக்கத்தில் புதுசு. மூன்றாவதில் மூன்று. உறை பிரிக்கப்படவே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டேலிடம் காட்டினேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் படத்தை முதலில் நீட்டிவிட்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். எங்கள் பட்டறையில் கவசங்களைச் சோதித்து முடித்ததும் ஒவ்வொன்றிலும் கலர் வட்டம் ஒட்டுவோம். மூன்று மாதத்துக்கு ஒரு கலர். அவர் முகம் மலர்ந்தது. "மூன்று சோதனை முடிந்திருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் எதைக் குறிக்கும்? நல்ல முறை இது" என்றார்.

அது சோதனை இல்லை என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, பொரி, வெல்லம், வெள்ளை மை, பனி. என் இங்கிலீஷ் நடுவில் இரண்டு இடத்தில் உடைந்தது. அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார்.

"உன் ஏழு வருட அனுபவம் என்பது இதுதானா?"

"இதுதான்."

"நான் மேலே சொல்லியாக வேண்டும்."

"சொல்லுங்கள்."

எழுந்து போனவர் வாசலில் நின்று திரும்பினார். "அந்த ஆளுக்கு எழுதிவிட்டாயா?" என்றார். இல்லை என்றேன். அவர் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று வீட்டுக்குப் போனதும் சமையலறை மேடையில் தாளை வைத்து, நின்றபடியே எழுதினேன். தமிழில். கட்டம் போட்டேன். வேலை: கைமெஷினால் ஓரம் தேய்த்தல், தண்ணீர் இல்லாமல். ஆபத்து: கல் தூசி, நாள் முழுவதும், எல்லா நாளும். தடுக்கச் செய்தது: ஒன்றுமில்லை. அணியக் கொடுத்தது: ஒன்றுமில்லை. ஆட்கள் தாங்களாகவே நனைத்த துண்டு கட்டினார்கள், சாயங்காலம் வெல்லம் கொடுக்கப்பட்டது. முகமூடி வாங்கியதாக உள்ள கையெழுத்துகள் ஆயுத பூஜைப் பொரிக்காக வாங்கப்பட்டவை. வாங்கியவன் நான். மேலூரில் உறைபனி கிடையாது. முன்பு எழுதியதை உட்கார்ந்துகொண்டு எழுதினேன், பட்டறைக்குள் போகவில்லை. இப்படித்தான் எழுதினேன், அழகுபடுத்தவில்லை. படங்களையும் சேர்த்து லேபர் ஆபீசுக்குத் தபாலில் அனுப்பினேன், பாண்டியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "வந்துருச்சுண்ணே" என்று ஒரு வார்த்தை பதில் வந்தது.

இங்கே என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலையை விட்டு நிறுத்தவில்லை. நான் எழுதும் ஒவ்வொரு தாளிலும் என் கையெழுத்துக்குக் கீழே டேலும் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. எவ்வளவு நாளைக்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அங்கே லேபர் ஆபீஸில் வாய்தா மேல் வாய்தா. அது தெரிந்ததுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் தாளைப் படித்துவிட்டு, சீட்டில் டீபி என்று இருந்ததை அடித்துக் கல்தூசி நோய் என்று எழுதினாராம். பாண்டியம்மா அந்தச் சீட்டையும் என் தாளையும் எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய், மருமகனை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். என் பெயர் வரைக்கும் வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். காதுகுத்து அன்று ஒரு படம் வந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளை அழுகிறது. அழகர் மடியில். அழகர் பாதியாகப் போயிருந்தான். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தான், ஓரம் தேய்க்கும்போது கட்டுவானே அதே மாதிரி.

கூப்பிட்டேன். அவனே எடுத்தான்.

"சொல்லுங்க சார்."

பக்கத்தில் முதலாளி யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

"அதேன் டீபி இல்லன்னு ஆகிப்போச்சுல்ல மாப்ள. பெறகெதுக்குத் துண்டு?"

"பழக்கம் சார். பிள்ள மேல இருமிருவேன்னு பயமா இருக்கு." மூச்சு வாங்கினான். "ஒண்ணு கேக்கணும். அந்தத் தாள எழுதுறப்ப என்ன நெனச்சு எழுதுனீக?"

"ஒண்ணும் நெனைக்கல."

"அதேன. நெனச்சிருந்தா மேலூர்ல ஐசு விழுந்திருக்காதுல்ல." சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க ரொம்ப நேரம் ஆனது. நிற்கும்வரை போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், "அங்கிட்டு வழுக்குதா சார்?" என்றான்.

"வழுக்குது."

"பாத்துப் போங்க" என்று வைத்துவிட்டான். மாப்ள என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவன் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதற்காகக் காத்திருந்தேன்.

அடுத்து வந்தது செவ்வாய்க்கிழமை. சவரம் செய்துகொண்டு போனேன். முதல்நாள் பெய்த பனி பட்டறை முற்றத்தில் உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. லாரியிலிருந்து கற்பலகைகளை இறக்க வேண்டும், முற்றத்தை மதிப்பீடு செய்து தா என்றார் டேல். பூட்ஸுக்குள் கால் மரத்துப்போயிருந்தது. நின்றபடியே எழுதினேன். வேலை, கல் இறக்குதல். ஆபத்து, வழுக்கி விழுதல், உண்டு. முற்றத்தில் உறைபனி படிவதால். பனிக்காலணி அணிய வேண்டும். ஏழு தடவை கையெழுத்துப் போட்ட அதே வரி. பனியைக் கண்ணால் பார்த்து எழுதியது இதுதான் முதல் தடவை.

இடம் என்ற கட்டம் மிச்சம் இருந்தது. அதையும் எழுதி அட்டையை டேலிடம் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போடப் போனவர் நிறுத்தி, "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். மேலூர் என்று எழுதியிருந்தேன்.

புதுத் தாள் தரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. பேனாவை நீட்டினார். ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் கல்கரி என்று எழுதி, என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். அடித்தது படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று டேல் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நன்றாகவே படிக்க முடிந்தது.